ஆறு திரைகளில் ஒரே குழந்தை

மாமியாரைக் காப்பாற்றச் சொல்லி ஒரு மருமகன் காலில் விழுவது தினமும் பார்க்கக் கிடைக்கிற காட்சி இல்லை. அதனால் துப்பறியும் அம்மாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அதை நிதானமாகப் பார்த்தார்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் சந்தேகம் மேடம். தீப்பிடித்த கடைகளுக்குள் நுழைந்து, தானாகப் பிடித்ததா, பிடிக்க வைத்ததா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தத் தொழில். காலில் கிடந்தவன் அவருடைய உதவியாளன் கொசுறு. மேடத்தை வேலைக்கு அமர்த்தினால் இவன் இலவசமாகக் கூட வருவான், வாயையும் கொண்டு வருவான். அதனால் அந்தப் பெயர்.

"எழுந்திரு. தரையைத் துடைக்க வேற ஆள் வருது. விஷயத்தைச் சொல்லு."

"எங்க அத்தை செடி திருடினாங்களாம் மேடம். இன்னைக்கு அஞ்சு மணிக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாங்களாம்."

"திருடினாங்களா?"

"எங்க வீட்டு டிவி ரிமோட்டைத் தவிர அவங்க வேற எதையும் கைப்பற்றி நான் பார்த்ததில்ல."

"சரி, உனக்கு என்ன பயம்? வேலை போனா பகல் முழுக்க வீட்ல இருப்பாங்கன்னா?"

கொசுறு இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நேத்து அவங்க சாப்பிடல மேடம். கல்யாணமாகி நாலு வருஷத்துல இதுதான் முதல் தடவை. பயமா இருக்கு."

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது மணி பதினொன்று.

அத்தை வேலை பார்த்த இடம் ஒரு செடி ஆய்வுக்கூடம். விதை போட்டுச் செடி வளர்க்கிற இடமில்லை அது. ஒரு நல்ல தாய்ச்செடியிலிருந்து துளித் துளியாக வெட்டி எடுத்து, கண்ணாடிப் புட்டிக்குள் இருக்கும் கெட்டிக் கூழில் நட்டு, அச்சு அசலாக அதே செடியை ஆயிரக்கணக்கில் உண்டாக்குவார்கள். உயர்ந்த அலமாரிகளில் புட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு செடி, பக்கத்துப் புட்டிச் செடியோடு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதபடி இருந்தது.

அந்த வெட்டும் மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவர் அத்தை. இப்போது நடைபாதையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெட்டும் அறைக்குள் போட்டுக்கொண்டு போக எல்லோருக்கும் தனித்தனி ரப்பர் செருப்பு உண்டு, வாசல் தட்டில் வரிசையாக இருக்கும். அவருடைய ஜோடியை மட்டும் யாரோ எடுத்துக் குப்பைக்கூடை பக்கத்தில் போட்டிருந்தார்கள். கொசுறு அதைப் பார்த்துவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்தான்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை. "குழந்தைக்குச் சட்டை மாத்தினீங்களா?"

"மாத்திட்டேன் அத்தை."

"உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மாத்தலையே?"

கொசுறு பதில் சொல்வதற்குள் முதலாளி வந்துவிட்டார். அப்பா செடி வளர்த்து உருவாக்கிய கூடத்துக்குப் பிள்ளை என்பதற்காக முதலாளியானவர். கூடவே மேனேஜர். மேனேஜர் கையில் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது, அதை அத்தையிடம் கொடுத்தார்.

"சார், நான் இப்பவும் சொல்றேன்," என்றார் மேனேஜர் முதலாளியிடம், தழைந்த குரலில். "போலீஸ் எதுக்கு? வயசானவங்க. ராஜினாமா எழுதி வாங்கிட்டு அனுப்பிடலாம்."

நல்ல மனுஷன் என்று கொசுறு நினைத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். கூடத்தின் பொக்கிஷம் 'பொன்விளிம்பு' என்கிற ஒரு செடி. வாள்போல நிமிர்ந்த பச்சை இலை, அதன் ஓரம் முழுக்கப் பொன்மஞ்சள் கரை. பதினோரு வருடமாக வெளியே விடாமல் பெருக்கி, இந்த வருடம்தான் விற்பனைக்குக் கொண்டுவர இருந்தார்கள். போன வாரம் எதிர்க்கம்பெனி நாற்றுப்பண்ணை, 'பொன்விளிம்பு, விரைவில் எங்களிடம்' என்று விளம்பரம் போட்டுவிட்டது. முதலாளி கூடத்தையே தலைகீழாகக் கவிழ்த்துத் தேடச் சொன்னார். இரண்டு சாட்சி கிடைத்தது. ஒன்று, அத்தையின் மெயிலிலிருந்து அந்த நாற்றுப்பண்ணைக்கு ஐந்து மாதம் முன்பு போயிருந்த கடிதம், "இலை கொடுத்தனுப்பியிருக்கிறேன்" என்று. இரண்டாவது, நேற்று அத்தையின் டிபன் பாக்ஸில் இருந்த ஒரு பொன்விளிம்பு இலை.

"ஒரு இலை போதுமே மேடம்," என்றார் மேனேஜர் வருத்தத்தோடு. "இவங்க கைத்திறமைக்கு ஒரு தோட்டமே உண்டாக்கிடுவாங்க."

அதுவரை தலைகுனிந்திருந்த அத்தை நிமிர்ந்தார். திருடி என்று சொன்னபோது அழுதவருக்கு இப்போது கோபம் வந்துவிட்டது.

"திருடுறதா இருந்தா இலையையா திருடுவேன்? இருபத்திரண்டு வருஷம் இங்க என்ன கத்திரிக்காயா நறுக்கினேன்?"

"வயசான காலத்துல டென்ஷன் ஆகாதீங்கம்மா," என்று மேனேஜர் ஆறுதல் சொன்னார். சந்தேகம் மேடம் மட்டும் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கம்ப்யூட்டர்களைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

முதலாளி அறையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையில் ஒரு குழந்தை சிரித்தது. முன்பல் இரண்டு, கன்னத்தில் சோற்றுப் பருக்கை ஒன்று.

"மேடம்," என்றான் கொசுறு மெதுவாக. "இது என் பையன்."

"உங்க பையனா?" முதலாளிக்கு ஆச்சரியம். "கம்ப்யூட்டர் வாங்கினா கூடவே வர்ற படம்னுல்ல நினைச்சேன்."

"நான் உங்க பேரன்னு நினைச்சேன் சார்," என்றார் மேனேஜர். "என் கம்ப்யூட்டர்லயும் இதேதான். மாத்தினா நீங்க தப்பா எடுத்துப்பீங்கன்னு விட்டுட்டேன்."

வரவேற்பு மேசையில் அதே குழந்தை. கிடங்கில் அதே குழந்தை. கணக்குப் பிரிவில் அதே பருக்கை. கூடத்தில் மொத்தம் ஆறு கம்ப்யூட்டர், ஆறிலும் கொசுறுவின் வாரிசு சிரித்துக்கொண்டிருந்தான். முதலாளியின் பேரன் என்று பயந்து ஆறு மாதமாக ஒருவரும் கை வைக்கவில்லை. மேனேஜருக்கு ஏதோ போன் வந்தது, சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

மேடம் நேராக அத்தையிடம் வந்தார். "உங்க பேரன் படம் எல்லார்கிட்டயும் இருக்கே, தெரியுமா?"

"தெரியும். ஒருநாள் வரவேற்புல பார்த்தேன்." அத்தையின் முகத்தில் இரண்டு நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம். "எல்லாருக்கும் அவன்மேல அவ்வளவு பிரியம்."

"உங்க மெயில்ல சமீபமா ஏதாவது வித்தியாசமா இருந்துதா?"

அத்தை யோசித்தார். "எனக்கு வர்றதெல்லாம் நான் திறக்கறதுக்கு முன்னாடியே படிச்சாச்சுன்னு காட்டுது. கண்ணு மங்கிடுச்சுன்னு நினைச்சேன்."

"என் பேருக்கு வர்ற பார்சலும் அப்படித்தான் பிரிச்சே வருது அத்தை," என்றான் கொசுறு. அத்தை அதைக் காதில் வாங்கவில்லை.

கம்ப்யூட்டர்காரரைத் தேடிப் பிடித்தார்கள். மின்கம்பிகளுக்கு நடுவே ஒரு அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார். கேள்வி கேட்டாலே பிடிக்காத ஆசாமி.

"ஆறு மாசம் முன்னாடி வைரஸ் வந்து அஞ்சு மெஷினும் படுத்துடுச்சு. செடி வெட்டுற அம்மா கணக்கு எழுதுற மெஷின் மட்டும் பிழைச்சுது. ஒவ்வொண்ணா உட்கார்ந்து சரி பண்ணா ஒரு வாரம் ஆகும். அதனால இதை அப்படியே குளோன் எடுத்து அஞ்சுலயும் ஏத்திட்டேன். ஒரே மத்தியானம். என்ன தப்பு?"

"குளோன்னா?"

"அச்சு நகல். உள்ள இருக்கிற எல்லாமே. ஒரு புள்ளி விடாம."

"எல்லாமேன்னா," மேடம் கேட்டார், "அவங்க பேரன், அவங்க மெயில், மெயிலோட பாஸ்வேர்ட்?"

கம்ப்யூட்டர்காரர் அலமாரியிலிருந்து வெளியே வந்தார். வெளியே வந்த முகத்தில் ரத்தம் இல்லை.

"படத்தை மாத்தணும்னு நினைச்சேன்," என்றார். "மெயிலை மறந்துட்டேன்."

"ஆக, ஆறு பேர்ல யார் வேணும்னாலும் எங்க அத்தையா மாறி லெட்டர் போடலாம்," என்றான் கொசுறு. "ஊருக்கு ஒரு அத்தையே தாங்காது சார். நீங்க ஆறு பண்ணி வெச்சிருக்கீங்க."

"வெளிய வாயைத் திறந்தீங்கன்னா முதல் சந்தேகம் உங்க மேலதான்," என்று மேடம் அவரிடம் சொல்லிவிட்டு நடந்தார். கம்ப்யூட்டர்காரர் மறுபடி அலமாரிக்குள் போய்விட்டார்.

"இவன்தான் மேடம்," என்றான் கொசுறு படியிறங்கும்போது. "செஞ்சதையும் ஒத்துக்கிட்டான்."

"சோம்பேறித்தனத்தை ஒத்துக்கிட்டார். திருட்டை இல்ல. வா, செடியைப் போய்ப் பார்ப்போம்."

எதிர்க்கம்பெனி நாற்றுப்பண்ணையில் மேடம் புது வீட்டுக்கு அலங்காரச் செடி தேடுகிற பணக்காரப் பெண்மணி ஆனார். கொசுறு கழிப்பறை தேடுகிற அவருடைய டிரைவர் ஆனான். பண்ணைக்காரர் மேடத்திடம், "பொன்விளிம்பா, அது கொஞ்சம் தாமதமாகும்" என்று வழவழா கொழகொழா என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், டிரைவர் வேண்டுமென்றே தப்பான கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே நீளக் கூடாரம். தட்டுத் தட்டாக நூற்றுக்கணக்கில் இளஞ்செடிகள். ஒவ்வொரு தட்டிலும் 'பொன்விளிம்பு' என்று அழகாக அச்சடித்த சீட்டு. செடியோ முழுப்பச்சை. கரை இல்லை, மஞ்சள் இல்லை, மருந்துக்குக்கூட ஒரு கோடு இல்லை. வேலைக்கார அம்மாள் ஒருத்தி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா எடுக்குறீங்க?"

"பொன்னு வரலையே. வேணும்னா நீங்க ரெண்டு எடுத்துக்கிட்டுப் போங்க. வேலியோரம் நடலாம்."

கொசுறு ஒன்று எடுத்துக்கொண்டான். காரில் ஏறியதும் மடியில் வைத்துக்கொண்டு, "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சொல்வாங்க. இது அம்மா முகத்தையே மறந்துட்டு வந்திருக்கு மேடம்," என்றான்.

"அதை உங்க அத்தைகிட்ட காட்டு."

அத்தை பார்த்தார். பார்த்ததும் சிரித்தே விட்டார்.

"இலையை நட்டிருக்காங்க. பொன்விளிம்பு ஒரு செடி இல்லைங்க. பச்சை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, ரெண்டு விதமான உடம்பு ஒட்டிக் குடித்தனம் பண்ணுது. இலையை வெட்டி நட்டா உள்ளே இருக்கிற பச்சைதான் முளைச்சு வரும், மஞ்சள் வராது. மண்ணுக்கடியில கிழங்கு இருக்கு பாருங்க, அதைப் பிரிச்சு நட்டாத்தான் ரெண்டும் சேர்ந்து வரும். அதனாலதான் பதினோரு வருஷம் ஆச்சு. இது வெட்டுற மேசையில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எங்களை யார் கேட்டா?"

"அப்ப இலையைத் திருடினவனுக்கு," என்றார் மேடம், "இந்த வேலை தெரியாது."

"கம்ப்யூட்டர் குளோன் வரக்கூடாததையெல்லாம் கொண்டு வந்துடுச்சு," என்றான் கொசுறு. "செடி குளோன் வரவேண்டியதை விட்டுட்டு வந்துடுச்சு. திருடன் ரெண்டுலயும் மாட்டிக்கிட்டான்."

"இன்னும் மாட்டல. வேலை தெரியாதவங்க இங்க நிறையப் பேர் இருக்காங்க, முதலாளி உட்பட." மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி. "பண்ணைக்காரன் பச்சைச் செடியைப் பார்த்துத் திருடனைப் பிடுங்கி எடுத்துட்டிருப்பான். நிஜமானதைக் கொண்டான்னு. திருடனுக்கு இப்ப அவசரமா ஒரு கிழங்கு வேணும். நீங்க உங்க மகளுக்கு ஒரு மெயில் எழுதுங்க. அவளுக்கு முன்னாடி திருடன் படிப்பான்."

முதலாளியிடம் தனியாகப் பேசி அனுமதி வாங்கினார்கள். நம்பாமல் உட்கார்ந்திருந்தவருக்கு மேடம் அவருடைய கம்ப்யூட்டரின் மூலையில் இருந்த ஒரு சின்னப் படத்தைத் தட்டிக் காட்டினார். அத்தையின் மெயில் பெட்டி விரிந்தது. முதல் கடிதம் முழங்கால் வலித் தைலம் பற்றியது. முதலாளி அதைப் பாதி படித்துவிட்டுக் கூச்சத்தோடு மூடினார்.

அத்தை ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினார். "இலையால் பலன் இல்லை, கிழங்கில்தான் பொன் வரும். ஒரு கிழங்கைப் பத்திரமாக எடுத்து, புட்டி கழுவும் அறையில் மூன்றாவது தொட்டிக்கு அடியில் சிவப்பு வாளியில் வைத்திருக்கிறேன். ஐந்து மணிக்கு முதலாளியிடம் அதைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்." அனுப்பிவிட்டு, "அவ பயந்துடுவாளே," என்று கவலைப்பட்டார். மருமகன் மனைவிக்குப் போன் போட்டு, அம்மா எழுதியது நாடகம் என்று சொல்லிவிட்டான்.

கழுவும் அறையில் ஆயிரம் புட்டிகள் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. அலமாரிக்குப் பின்னால் கவிழ்த்த வாளி ஒன்றில் முதலாளி உட்கார்ந்தார், பக்கத்தில் மேடமும் அத்தையும். அழுக்கு வெள்ளைக் கோட்டுகள் போடுகிற பெரிய கூடைக்குள் கொசுறு இறங்கினான்.

மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. கம்ப்யூட்டர்காரர். நேராகத் தொட்டியை நோக்கி வந்தார். கூடை வெடித்தது. கோட்டுகள் சகிதம் பாய்ந்த கொசுறு அவரைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தான்.

"டீ கிளாஸ் கழுவ வந்தேன்யா," என்றார் கீழே கிடந்தவர்.

"விடுடா அவரை," என்றது அலமாரிக்குப் பின்னாலிருந்து மேடத்தின் குரல். "மெயிலை நாம கண்டுபிடிச்சது அவருக்குத் தெரியும். திருடனா இருந்தா இந்தப் பக்கமே வரமாட்டார்."

இப்போது கூடைக்குள் இரண்டு பேர்.

மூன்று ஐம்பதுக்கு மறுபடி கதவு. இந்த முறை கதவு மெதுவாகத் திறந்து, மெதுவாக மூடியது. வந்தவர் இரண்டு பக்கமும் பார்த்தார், மூன்றாவது தொட்டிக்கு முன் குனிந்தார், சிவப்பு வாளியிலிருந்து ஈரக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மண் அப்பிக் கிடந்த கிழங்கை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதைத் தன் டிபன் பாக்ஸில் வைத்து மூடினார்.

காலையில் தண்ணீர் கொடுத்த மேனேஜர்.

முதலாளி எழுந்து நின்றார். மேனேஜர் ஒரு நொடி கல்லானார், அடுத்த நொடி புன்னகை வந்துவிட்டது.

"சார், நல்லவேளை நீங்களே வந்துட்டீங்க. இந்தம்மா ஒளிச்சு வெச்சிருந்த கிழங்கு. உங்ககிட்டதான் கொண்டு வந்துட்டிருந்தேன்."

"இங்க இருக்குன்னு யார் சொன்னது?" என்றார் மேடம்.

"அவங்களேதான்."

"நான் உங்ககிட்ட வாயே திறக்கலையே," என்றார் அத்தை. "என் மகளுக்குத்தானே எழுதினேன்."

அத்தை அவர் கையிலிருந்து டிபன் பாக்ஸை வாங்கித் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்து முதலாளியிடம் காட்டினார்.

"இதுகூடத் தெரியல பாருங்க. சமையலறையிலிருந்து வாங்கிட்டு வந்தேன். இஞ்சி."

மேனேஜரின் முகம் எப்படி இருந்தது என்பதை விவரிக்க ஆசிரியர் மெனக்கெட வேண்டியதில்லை. இஞ்சியையும் குரங்கையும் வைத்து நம் முன்னோர்கள் அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டார்கள்.

ஐந்து மணிக்குப் புகார் போகத்தான் செய்தது, வேறு பெயரில். அத்தையின் டிபன் பாக்ஸில் இலையை வைத்ததும் தான்தான் என்று மேனேஜர் ஒத்துக்கொண்டிருந்தார். முதலாளி அத்தையின் முன்னால் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். கடைசியில் குப்பைக்கூடை பக்கம் போய், அந்த ரப்பர் செருப்பைத் தானே எடுத்து, குழாயில் கழுவி, வாசல் தட்டில் பழைய இடத்தில் வைத்தார். அத்தைக்கு அழுகை வந்தது. கொசுறுவுக்கும் வந்தது, கோட்டுக் கூடையின் தூசி என்று சொல்லிச் சமாளித்தான்.

"படத்தை எல்லாத்துலயும் தூக்கிடவா சார்?" என்று கேட்டார் கம்ப்யூட்டர்காரர், முழங்கையைத் தேய்த்துக்கொண்டே.

"மெயிலைத் தூக்கு. குழந்தை இருக்கட்டும்," என்றார் முதலாளி.

மேடம் தன் வழியே போய்விட்டார். மருமகனும் மாமியாரும் பேருந்துக்காக நின்றார்கள். அத்தை பசிக்கிறது என்றார். கொசுறு ஓடிப்போய் இரண்டு பன் வாங்கி வந்தான், இரண்டையும் அவரே சாப்பிட்டார். அவன் மனம் நிறைந்துவிட்டது.

"அத்தை, ஒண்ணு கேட்கட்டுமா? இலையை நட்டா பச்சைதான் வரும்னு அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்களே. புஸ்தகத்துல படிச்சீங்களா?"

அத்தை பன் துணுக்கைத் தட்டிவிட்டார்.

"பத்து வருஷம் முன்னாடி ஆசையா இருந்துச்சு. ஒரே ஒரு இலை. இதே டிபன் பாக்ஸ்லதான்."

"வீட்டுக்கா கொண்டு வந்தீங்க?"

"பச்சையாத்தான் வந்துச்சு. ஏமாந்துட்டேன். தூக்கிப் போடவும் மனசில்ல."

வீட்டு பால்கனியில் பெயிண்ட் டப்பா ஒன்றில் வாள்போல நிமிர்ந்து நிற்கிற அந்த முழுப்பச்சைச் செடி அவன் கண்முன் வந்தது. நான்கு வருடத்தில் முதல்முறையாக மாமியாரின் குடுமி அவன் கைக்கு வந்திருந்தது. இனி ரிமோட் அவனுடையது, பார்சல் அவனுடையது. அவன் மெல்லத் தொண்டையைச் செருமினான்.

"அத்தை, இது மட்டும் முதலாளிக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா என்ன?" பேருந்து வந்து நின்றது. அத்தை படியில் ஏறித் திரும்பிப் பார்த்தார். "நாலு வருஷமா தினமும் தண்ணி ஊத்தி வளர்க்கறது யாரு மாப்பிள்ளை?"